ரத்தப் பரிசோதனை லேப்பின் போன்களையும் டேப்லெட்களையும் பூட்டிய அனுபவம்

மடிப்பாக்கத்தில் ஒரு மாடி வீடு. காலை ஆறரை மணி. சர்க்கரை நோய்க்காக வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க ஒரு அம்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வயது எழுபதுக்கு மேல். எங்கள் டெக்னீஷியன் பையன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், பெட்டியைத் திறந்து, சாம்பல் நிற மூடி போட்ட டியூபையும் ஊதா மூடி போட்டதையும் எடுத்து வைத்துவிட்டான். பதிவு செய்யப் போனைத் திறந்தால், செயலி 'புதுப்பித்த பிறகே திறக்கும்' என்கிறது. புதுப்பிக்கப் போனால் இடம் இல்லை என்கிறது. போன் முழுக்க டவுன்லோடு செய்த சினிமாக்கள். அவன் ஒவ்வொன்றாக அழித்து, செயலியை இறக்கி முடிக்க முக்கால் மணி நேரம். அந்த அம்மா காப்பிகூடக் குடிக்காமல் காத்திருந்தார். ஏழேகாலுக்கு அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது.

அன்று மாலை அவரே எனக்கு போன் செய்தார். திட்டவில்லை. "பாவம்மா அந்தப் பையன், வேர்த்து விறுவிறுத்துப் போயிட்டான்" என்றார். அதைக் கேட்ட பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நாங்கள் சென்னை வேளச்சேரியில் ஒரு சிறிய ரத்தப் பரிசோதனை லேப் நடத்துகிறோம். மடிப்பாக்கத்திலும் மேடவாக்கத்திலும் சாம்பிள் வாங்கும் சென்டர்கள் உண்டு. வரவேற்பில் பெயர் பதிய டேப்லெட்கள், வீட்டுக்குப் போய் ரத்தம் எடுப்பவர்களுக்கு ஆளுக்கொரு போன். போனில் அவர்களுக்கு வேண்டியது நான்கே நான்கு: எங்கள் செயலி, மேப், போன் பேசும் வசதி, பணம் வாங்க க்யூஆர் காட்டும் ஒன்று. வாங்கிக் கொடுத்தபோது அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. போன் என்றால் அதில் எல்லாமும்தானே இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அந்த அம்மா பேசிய பிறகுதான், வேலைக்கு வேண்டியதைத் தவிர வேறு எதுவும் திறக்காதபடி இவற்றைப் பூட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன். முதலில் செய்தது ஸ்கிரீன் பின்னிங். ஆண்ட்ராய்டு 5-இலிருந்தே இருக்கிற வசதி. செட்டிங்ஸில் பாதுகாப்புப் பகுதியில் இயக்கிவிட்டு, ஒரு செயலியைத் திரையில் ஆணி அடித்த மாதிரி நிறுத்தலாம். காசு கிடையாது. வெளியே வர பின் எண் கேட்கும்படியும் வைக்கலாம். ஆனால் இது குழந்தையிடம் ஐந்து நிமிடம் போனைக் கொடுக்கும்போது உதவுகிற பூட்டு. போனை அணைத்துப் போட்டால் ஆணி கழன்றுவிடும். அதுவும் ஒரு செயலிக்கு மட்டும்தான். எங்களுக்கோ செயலியிலிருந்து மேப்புக்குப் போய் மறுபடி செயலிக்கு வர வேண்டும். இரண்டு வாரத்தில் யாருமே அதைப் பயன்படுத்தவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஐபேட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் கைடட் ஆக்சஸ் என்று இதே மாதிரி ஒன்று உண்டு. மேல் பட்டனையோ ஹோம் பட்டனையோ மூன்று முறை அழுத்தினால் வரும். வரவேற்பு மேசையில் ஒரே ஒரு ஐபேட் என்றால் அதுவே தாராளம். நிலையாகப் பூட்ட வேண்டுமானால் ஐபேடை முதலில் 'சூப்பர்வைஸ்டு', அதாவது நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருக்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு ஒரு மேக் கணினியும் ஆப்பிள் கான்ஃபிகரேட்டர் என்ற செயலியும் இருந்தால் போதும். எங்களிடம் எல்லாம் ஆண்ட்ராய்டுதான் என்பதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

இரண்டாவது முயற்சியில்தான் பெரிய தப்பு நடந்தது. டேப்லெட்கள் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட் போயிருந்தேன். விற்ற கடைக்காரரே, "மேடம், கியோஸ்க் ஆப் ஒண்ணு போட்டுத் தரேன், உங்க ஆப்பைத் தவிர வேற எதுவும் திறக்காது" என்றார். அரை மணியில் மூன்று டேப்லெட்டையும் தயார் செய்து கொடுத்துவிட்டார். செட்டிங்ஸ் இல்லை, வைஃபை பக்கம் இல்லை, மேலிருந்து இழுத்தால் நோட்டிஃபிகேஷன் கூட வராது. எனக்கு ஒரே சந்தோஷம். வெளியேறும் கடவுச்சொல்லை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். நான் அதை மேசையின் கீழ் டிராயரில் போட்டேன். டேப்லெட்களில் எந்த கூகுள் கணக்கு இருக்கிறது என்று கேட்கவே இல்லை.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல். வேளச்சேரி எப்படி இருந்தது என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டேப்லெட்களையும் மெஷின்களையும் முந்தின நாளே மேலே ஏற்றியிருந்தோம். கீழ் அலமாரியில் இருந்த ரவுட்டரையும் டிராயரையும் மறந்துவிட்டோம். தண்ணீர் வடிந்து, கரண்ட் வந்து, தரையைக் கழுவி, அடுத்த திங்கள்கிழமை கடை திறந்தோம். இணைய நிறுவனத்து ஆள் வந்து புது ரவுட்டர் மாட்டிவிட்டு, புதுப் பெயரும் புதுக் கடவுச்சொல்லும் ஒட்டிவிட்டுப் போனார்.

டேப்லெட்களுக்குப் பழைய வைஃபை மட்டும்தான் தெரியும். புது வைஃபையில் சேர்க்க செட்டிங்ஸ் வேண்டும். செட்டிங்ஸுக்குப் போக கடவுச்சொல் வேண்டும். கடவுச்சொல் எழுதிய சீட்டு டிராயரோடு கூழாகிவிட்டது. கடைக்காரர் போனை எடுக்கவில்லை. வரவேற்பில் பதினைந்து பேர் நிற்கிறார்கள். மழைக்குப் பிறகு காய்ச்சல் பரிசோதனைக்கு வருகிற கூட்டம்.

பதற்றத்தில் ஒரு டேப்லெட்டை பவர் பட்டனும் வால்யூம் பட்டனும் சேர்த்து அழுத்தி, ரெகவரி பக்கத்துக்குப் போய் ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டேன். எல்லாம் அழிந்து புதுசு போல வந்தது. வைஃபை சேர்ந்தது. உடனே, இந்தச் சாதனத்தில் முன்பு இருந்த கூகுள் கணக்கைப் போடு என்று நின்றுவிட்டது. ஆண்ட்ராய்டு 5.1-இலிருந்து இருக்கிற திருட்டுத் தடுப்பு இது. திருடியவன் அழித்து விற்றுவிடக் கூடாது என்பதற்காக வைத்தது. அங்கே கேட்டது கடைக்காரருடைய சொந்த ஜிமெயில். என் காசில் வாங்கிய டேப்லெட், என் மேசையில் இருக்கிறது, எனக்கே திறக்கவில்லை.

மற்ற இரண்டையும் காப்பாற்றியவன் என் தம்பி மகன். கல்லூரி லீவு, தரை கழுவ உதவிக்கு வந்திருந்தான். கையில் துடைப்பத்தோடு நின்று பார்த்துவிட்டு, "அந்த டேப்லெட்டுக்குத் தெரிஞ்ச வைஃபை பேரு ஒண்ணுதானே அத்தை? அந்தப் பேரையே வச்சிடலாமே" என்றான். என் போனில் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து, அதற்குப் பழைய வைஃபையின் பெயரையும் பழைய கடவுச்சொல்லையும் போட்டான். பழைய கடவுச்சொல் எனக்கு மனப்பாடம். முதல் தடவை சேரவில்லை. பெயரில் ஒரு எழுத்து பெரிய எழுத்து, நாங்கள் சின்ன எழுத்தாகப் போட்டிருந்தோம். திருத்தியதும் இரண்டு டேப்லெட்டிலும் வைஃபை குறி தானாக எரிந்தது. அந்த நிமிடம் வரவேற்பில் இருந்த அக்கா கையைக் கூப்பிவிட்டார்.

இதை யாருக்காவது செய்ய நேர்ந்தால் கவனிக்க வேண்டியவை: பெயரும் கடவுச்சொல்லும் எழுத்துக்கு எழுத்து, இடைவெளி உட்பட, அப்படியே இருக்க வேண்டும். பாதுகாப்பு வகை பழைய ரவுட்டரில் இருந்ததாகவே, பெரும்பாலும் டபிள்யூபிஏ2 ஆக, இருக்க வேண்டும். டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தால் பழைய டேப்லெட்டுகளுக்குப் புரியாது. அலைவரிசை 2.4 கிகாஹெர்ட்ஸ் திறந்திருக்கட்டும். அன்று மாலையே புது ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் பழைய பெயரையே வைத்துவிட்டோம். பூட்டிய சாதனங்கள் உள்ள இடத்தில் ரவுட்டர் மாறினால், ரவுட்டரைத்தான் சாதனத்துக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும். கடைக்காரர் இரண்டு நாள் கழித்து வந்து தன் கணக்கைப் போட்டு மூன்றாவதைத் திறந்து கொடுத்தார்.

அதன் பிறகு 2024 ஜனவரியில் முறையாக உட்கார்ந்தேன். தேட வேண்டிய பெயர் எம்டிஎம், அதாவது மொபைல் டிவைஸ் மேனேஜ்மென்ட். ஒரு இணையப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எல்லா போன்களையும் டேப்லெட்களையும் பார்க்கலாம், எந்தச் செயலி இருக்க வேண்டும் என்று சொல்லலாம், தொலைந்தால் அழிக்கலாம். பெரிய கம்பெனிகளுக்கானது என்று நினைத்துத்தான் இத்தனை நாள் ஒதுங்கியிருந்தேன். அப்படி இல்லை. நம் சென்னையிலிருந்து இயங்குகிற ஜோஹோவின் மேனேஜ்என்ஜின், நான் பார்த்தபோது 25 சாதனங்கள் வரை இலவசமாகவே கொடுத்தது. பெங்களூரின் 42கியர்ஸ் இன்னொன்று. சாம்சங் சாதனங்களுக்கு நாக்ஸ் உண்டு. எதை எடுத்தாலும் பணம் கட்டுவதற்கு முன் ஒரே ஒரு சாதனத்தில் போட்டு, வைஃபையை வேண்டுமென்றே அணைத்துவிட்டு, கியோஸ்கிலிருந்து வெளியே வர முடிகிறதா என்று பாருங்கள். இணையம் இல்லாமல் வெளியேற வழி இல்லாத பூட்டு எனக்கு வேண்டாம்.

செய்முறையில் ஒரு விஷயம் முக்கியம். ஆண்ட்ராய்டில் உண்மையான பூட்டு விழ, எம்டிஎம் அந்தச் சாதனத்துக்கு 'டிவைஸ் ஓனர்', அதாவது உரிமையாளர் ஆக வேண்டும். அது புது சாதனத்தில், அல்லது முழுக்க அழித்த சாதனத்தில்தான் நடக்கும். அதனால் முதலில் உள்ளே இருக்கும் கூகுள் கணக்குகளை செட்டிங்ஸ் வழியாக நீக்க வேண்டும். இதைச் செய்யாமல் ரெகவரியில் போய் அழித்தால் எனக்கு நடந்ததுதான் நடக்கும். பிறகு ரீசெட். வரவேற்புத் திரை வந்ததும், எந்த மொழி என்று கேட்கும் அந்த முதல் பக்கத்தில், ஒரே இடத்தில் ஆறு முறை தட்ட வேண்டும். கேமரா திறக்கும். எம்டிஎம் பக்கத்தில் இருக்கும் க்யூஆர் கோடைக் காட்டினால் மீதி தானாக நடக்கும். ஆண்ட்ராய்டு 7-இலிருந்து இந்த வழி இருக்கிறது. ஒரு போனுக்கு இருபது நிமிடம் ஆனது. ஒரு ஞாயிறு மதியத்தில் எல்லாவற்றையும் முடித்தேன். கணக்குக்காக லேப் பெயரில் தனி ஜிமெயில். யாருடைய சொந்தக் கணக்கும் எதிலும் இல்லை.

திங்கள் காலையிலேயே புகார். நோயாளிகள் அழைத்தால் டெக்னீஷியன்கள் எடுப்பதே இல்லை. காரணம் நான்தான். அனுமதிப் பட்டியலில் எங்கள் செயலி, மேப், பணம் வாங்கும் செயலி மூன்றையும் போட்டேன். டயலரை, அதாவது போன் பேசும் செயலியை, விட்டுவிட்டேன். அழைப்பு வந்தால் எடுப்பதற்கான திரையே அவர்களுக்கு வரவில்லை. பூட்டும்போது நாம் செயலி என்றே நினைக்காத சிலவும் செயலிகள்தான். பார்கோடு படிக்க உங்கள் செயலி தனி கேமரா செயலியைக் கூப்பிடுகிறதா, உள்நுழையும் பக்கம் குரோமில் திறக்கிறதா, டாக்டர் சீட்டு பிடிஎஃப் ஆக வந்தால் எதில் திறக்கும், எல்லாவற்றையும் ஒரு முழு நாள் கூடவே போய்ப் பார்த்தால்தான் தெரியும். நான் போனேன். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து ஏழு வீடு.

அந்த ஏழில் மூன்றாவது வீடு மேடவாக்கத்தில் லிஃப்ட் இல்லாத பழைய அபார்ட்மென்ட். ஆறு மணி கூட ஆகவில்லை, மாடிப்படியில் விளக்கு இல்லை. எங்கள் மூத்த டெக்னீஷியன் அக்கா முதல் படியில் நின்று போனை இப்படியும் அப்படியும் இழுத்தார். டார்ச் வரவில்லை. மேலிருந்து இழுக்கும் பட்டியை நான் மறைத்துவிட்டதால் டார்ச்சும் போய்விட்டது. கையில் சாம்பிள் பெட்டியோடு சுவரைத் தடவிக்கொண்டே ஏறினார். மூன்றாவது மாடிக்கு வந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு, "எங்க மேல நம்பிக்கை இல்லையா மேடம்?" என்று கேட்டார். கோபமாக இல்லை, மெதுவாகத்தான் கேட்டார். பதினோரு வருடம் எங்களிடம் இருப்பவர்.

அன்று மதியம் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினேன். முதலில் செய்திருக்க வேண்டியது இதைத்தான். அந்த மடிப்பாக்கம் அம்மாவின் விஷயத்தைச் சொன்னேன். அந்தப் போன்களில் நோயாளிகளின் ரிப்போர்ட் படங்கள் கேலரியில் கிடந்ததையும், அவை வீட்டில் இருக்கும் யார் கையிலும் போகலாம் என்பதையும் சொன்னேன். ஒருவருக்கு என்ன நோய் என்பது அவருடைய சொந்த விஷயம். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதைப் பொறுப்போடு வைத்திருக்கச் சொல்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் அப்படித்தான் இருக்க வேண்டும். பிறகு அவர்கள் சொன்னதைக் கேட்டேன். சினிமா ஏன் லேப் போனில் இருந்தது? காலை கலெக்‌ஷன் முடிந்து பத்தரைக்கு மேல் அடுத்த வேலை வரும்வரை பஸ் ஸ்டாப்பில் காத்திருக்கிற நேரம். சொந்தப் போனில் டேட்டா போட்டால் செலவு. அவ்வளவுதான் விஷயம்.

அதனால் அவர்களுடைய சொந்தப் போனுக்கு மாதம் ஒரு ரீசார்ஜை லேப் கணக்கில் சேர்த்தேன். பூட்டு வேலை செய்வதற்கு எம்டிஎம்மைவிட இதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். சொந்தப் போன் எதிலும் எம்டிஎம் போடச் சொல்வதில்லை என்றும் உறுதி கொடுத்தேன். முழுதாக அழிக்கும் அதிகாரம் என் கையில் இருக்கும் ஒன்றை இன்னொருவருடைய குடும்பப் படங்கள் இருக்கிற போனில் போடக் கூடாது. இருப்பிடம் பார்க்கும் வசதி வேலை நேரத்தில் மட்டும், அதுவும் அவர்களுக்குத் தெரிந்தே. ரிப்போர்ட் இப்போது சர்வரிலிருந்து நேராக நோயாளிக்குப் போகிறது. டெக்னீஷியன் போனில் ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாது. டார்ச்சுக்கு ஒரு சின்ன செயலி, முதல் திரையிலேயே, பெரிய ஐகானோடு.

அப்டேட் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு முறை காலை எட்டு மணிக்கு, வரவேற்பில் நெரிசல் உச்சத்தில் இருக்கும்போது, ஒரு டேப்லெட் தானாக அணைந்து அப்டேட் ஓட ஆரம்பித்தது. டிவைஸ் ஓனராக இருந்தால் நேரம் குறிக்கலாம். நாங்கள் இரவு இரண்டிலிருந்து நான்கு மணி வரை வைத்திருக்கிறோம். தள்ளிப் போடவும் முடியும், ஆனால் அதிகபட்சம் 30 நாள். நான் தள்ளிப் போடுவதில்லை. அதே போல ரீஸ்டார்ட் ஆனதும் கியோஸ்க் திரை தானாக வருகிறதா என்பதையும் ஒவ்வொரு சாதனத்திலும் ஒரு முறை அணைத்துப் போட்டுப் பாருங்கள்.

வெயில். மேசையில் ஸ்டாண்டில் மாட்டி, இருபத்து நான்கு மணி நேரமும் சார்ஜரில் கிடந்த டேப்லெட் ஒன்றை மே மாதத்தில் துடைக்க எடுத்தேன். மேசையில் வைத்தால் சமமாக உட்காராமல் ஆடியது. பின்பக்கம் அப்பளம் போல மெல்ல உப்பியிருந்தது. உள்ளே பேட்டரி வீங்கிவிட்டது. எப்போதும் நூறு சதவீதம், அதோடு கண்ணாடிக் கதவு வழியாக அக்னி நட்சத்திர வெயில். உடனே அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, சர்வீஸுக்குக் கொடுத்துவிட்டோம். குத்தவோ அழுத்தவோ கூடாது. சில டேப்லெட்களில் 80 அல்லது 85 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி பேட்டரி செட்டிங்ஸில் இருக்கிறது. கியோஸ்க் பூட்டு விழுவதற்கு முன்பே அதை இயக்கிவிட வேண்டும். அந்த வசதி இல்லாதவற்றுக்கு டைமர் வைத்த பிளக் வாங்கினேன். ஸ்டாண்டையும் வெயில் படாத சுவருக்கு மாற்றினேன்.

போன் தொலைந்ததும் நடந்தது. வேளச்சேரி விஜயநகர் பேருந்து நிலையத்தில் இறங்கும்போது. பையன் அழுதுகொண்டே வேறொருவர் போனிலிருந்து அழைத்தான். எம்டிஎம் பக்கத்தில் அழிக்கச் சொல்லி உத்தரவு கொடுத்தேன். ஆனால் போன் அணைந்திருந்தால் அது போய்ச் சேராது, மறுபடி இணையத்தில் வரும்போதுதான் நடக்கும். அதனால் போலீஸில் புகார் கொடுத்து, அந்த நகலோடு சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐ எண்ணை, அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்ணை, தடை செய்யக் கொடுத்தோம். மத்திய அரசின் தளம், 2023 மே மாதம் தொடங்கியது. சிம்மையும் அன்றே நிறுத்தினோம். இதற்கெல்லாம் ஐஎம்இஐ எண் முன்பே கையில் இருக்க வேண்டும். போனில் *#06# தட்டினால் வரும். ஆனால் பூட்டிய பிறகு தட்ட வழி இல்லாமல் போகலாம், வாங்கிய அன்றே எழுதிவிடுங்கள். பையன் சம்பளத்தில் ஒரு ரூபாய் பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் அடுத்த முறை தொலையும்போது உடனே சொல்ல யாருக்கும் தைரியம் வராது. உடனே சொன்னால்தான் ரிப்போர்ட்டுகளைக் காப்பாற்ற முடியும்.

இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு பக்கம்: ஐஎம்இஐ, வாங்கிய தேதி, யார் கையில் இருக்கிறது. லேப் ஜிமெயில், கியோஸ்கிலிருந்து வெளியேறும் எண், வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் தனி உறையில், ஒட்டி மூடி, மேல் அலமாரியில். தண்ணீர் ஏறாத உயரம். இன்னொரு நகல் என் வீட்டு பீரோவில். எம்டிஎம் பக்கத்துக்குள் போகும் உரிமை எனக்கு மட்டும் இல்லை, மூத்த டெக்னீஷியன் அக்காவுக்கும் உண்டு. வெளியேறும் எண்ணும் அவருக்குத் தெரியும். எங்கள் மேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்டவருக்கு நான் வாயால் சரியாகப் பதில் சொல்லவில்லை. அதைக் கையில் கொடுத்தேன்.

போன வாரம் மேடவாக்கம் சென்டரில் ரவுட்டர் கெட்டுப்போய்ப் புதுசு மாட்டியிருக்கிறார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. மறுநாள் கணக்குப் பார்க்கப் போனபோதுதான் புது ரவுட்டரைக் கவனித்தேன். "டேப்லெட் எப்படி ஓடுது?" என்று கேட்டேன். "பழைய பேரையே வச்சுட்டேன் மேடம், பெரிய எழுத்து பார்த்துத்தான் போட்டேன்" என்றார் அக்கா, டியூபில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டே.